துரும்பும் துருவும்

கொச்சிக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்தில், மட்டாஞ்சேரிக் காயலோரத்துப் பட்டறை ஒன்றில் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த பார்ஜின் அடித்தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த மலையாளத் தொழிலாளர் ஒருவர், உள்ளங்கை நிறைய உதிர்ந்திருந்த செந்நிறச் செதில்களை என்னிடம் நீட்டி, "துரும்பாணு சாரே, முழுவன் துரும்பு" என்று சொன்னபோது, தூத்துக்குடித் தமிழைத் தவிர வேறொன்றும் அறியாத எனக்கு, ஒரு வைக்கோல் துணுக்குக்காக இந்த மனிதர் இவ்வளவு விசனப்படுவானேன் என்றுதான் தோன்றிற்று. நாம் துரு என்பதை மலையாளத்தார் துரும்பு என்பர். யாழ்ப்பாணத்தார் கறள் என்பர். பாடநூல்கள் அரிமானம் என்று பெயர் சூட்டியிருக்கின்றன. பெயர் எதுவாயினும் வஸ்து ஒன்றே. ஆயினும் நம் மொழியில் அற்பமென்று தள்ளப்படும் பொருளுக்குரிய சொல், அண்டை மொழியில் கப்பலையே தின்னும் நோய்க்குப் பெயராக இருப்பதை எண்ணும்போதெல்லாம், என் தொழிலின் பாடத்தில் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அன்று தொட்டு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக, கப்பல், படகு, எண்ணெய்த் தொட்டி, பாலம் என்று உப்புக்காற்றில் நிற்கும் இரும்பையெல்லாம் தட்டியும் தடவியும் பார்த்து, கண்டதை எழுதிக் கொடுப்பதே என் ஜீவனம். இப்போது இடப்பள்ளியில் குடியிருக்கிறேன். கவிஞர் சங்ஙம்புழ கிருஷ்ண பிள்ளை பிறந்த ஊர் என்று இதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. புனித ஜார்ஜ் தேவாலயத்துக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் அதைவிட அதிகம். என் கண்ணுக்கோ இந்த ஊர் இரும்பின் ஊராகவே தெரிகிறது. 66, 544 ஆகிய எண்களுள்ள இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் இங்கே சந்திக்கின்றன; 2017 முதல் மெட்ரோ ரயில் தலைக்குமேல் ஓடுகிறது; இங்கிருந்து வல்லார்பாடத்துக்குக் காயலைத் தாண்டிச் செல்லும் 4.62 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாலம் 2011-லிருந்து உப்புநீரின்மீது நிற்கிறது. கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பிக்குச் சிமெண்டின் காரத்தன்மையே கவசம். உப்பு மெல்ல ஊடுருவி அந்தக் கவசத்தைக் குலைத்துவிட்டால் கம்பி துருப்பிடித்து, தான் இருந்த இடத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ள முயன்று, தன்னைப் பொதிந்திருக்கும் கான்கிரீட்டையே பிளந்துவிடும். கடற்கரை ஊர்களில் பால்கனியின் அடிப்புறத்தில் நீளவாட்டில் ஓடும் விரிசலைக் கண்டும், சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டுப் போகிற வீட்டுக்காரர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கென்று மாநாடுகள் உண்டு. அமெரிக்காவில் குழாய்வழித் தொழிலைச் சேர்ந்த 11 பொறியாளர்கள் 1943-ல் கூடித் தொடங்கிய சங்கம் நேஸ் என்னும் பெயரோடு உலகெங்கும் பரவி, 2021-ல் வர்ணப்பூச்சுத் தொழிலாரின் சங்கத்தோடு இணைந்து இன்று ஏ.எம்.பி.பி. என வழங்குகிறது, இந்தியாவில் அதன் கிளையார் கார்கான் என்ற பெயரில் மாநாடு நடத்தி வருகின்றனர். நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமைக்குரிய பங்குண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் ஈந்ததனால், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1953 பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். ஊர்க்காரர் சிக்ரி என்று செல்லமாக அழைக்கும் அந்த ஸ்தாபனத்தில் இளமையில் சில வாரம் பயிற்சி பெற்றதை என் பாக்கியமாகக் கருதுகிறேன்.

மாநாட்டில் பிரபந்தங்கள் வாசிக்கப்படும். விற்பனையாளர் கடை விரிப்பர். அவற்றுக்கு முன்னதாகவோ நடுவிலோ, தடுப்பதெப்படி, கண்டுபிடிப்பதெப்படி என்று கற்பிக்கும் பயிற்சி வகுப்புகள் நடைபெறும். இவற்றுள் எனக்கு மிகவும் உவப்பானவை வகுப்புகளே. 2016-ல் நேஸ் வெளியிட்ட ஆய்வு, அரிமானத்தால் உலகுக்கு ஆண்டுதோறும் நேரும் இழப்பை 2.5 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அதனினும் முக்கியமாக, அன்று தெரிந்திருந்த முறைகளைச் சரியாகக் கையாண்டாலே அதில் 15 முதல் 35 சதவிகிதம் வரை மிச்சப்படும் என்றும் சொன்னது. அதாவது, குறை அறிவில் இல்லை. அறிவு போய்ச் சேர வேண்டிய கைக்குப் போய்ச் சேராததில் இருக்கிறது. அந்தக் கை எது? மண்டபத்தில் அமர்ந்து குறிப்பெடுக்கும் இஞ்சினீயரின் கையன்று. பலகை ஊஞ்சலில் தொங்கிக்கொண்டு பிரஷ் பிடிக்கிறவரின் கை. தகட்டின் ஆயுளை அதுவே நிர்ணயிக்கிறது.

ஆகையால், இடப்பள்ளிக்கு அருகே ஒரு மண்டபத்தில் நடந்த தொழில் மாநாட்டில் அரைநாள் வகுப்பெடுக்கும்படி என்னை அழைத்தபோது, ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு வர்ணம் பூசுகிற பத்துப் பேரையாவது கட்டணமின்றி முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். அமைப்பாளர்கள் சற்று யோசித்துவிட்டு மனமுவந்து இசைந்தார்கள். களமசேரிப் பல்கலைக்கழக மாணவர் சிலரும், கப்பல் கம்பெனி அதிகாரிகளும், படகுச் சொந்தக்காரர் நால்வரும் வந்திருந்தனர். பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலுமாக வகுப்பு நடந்தது. திரையில் படம் காட்டாமல், கோணிப்பையில் கட்டிக் கொண்டுபோன பழந்தகடுகளையும், ஒரு சிப்பிங் சுத்தியலையும், வாளி நிறையக் கடல்நீரையும், மூன்று கண்ணாடித் தட்டுகளையும் மேசைமேல் பரப்பி வைத்தேன்.

கண்ணாடித் தட்டுகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரைச் சிறிது உப்போடு காய்ச்சி, பினால்ப்தலீன், பொட்டாசியம் பெர்ரிசயனைடு என்ற இரண்டு மருந்துகளையும் சில துளி கலந்து, ஆறியபின் உறையும் அந்தக் கூழுக்குள் தட்டுக்கு ஓர் இரும்பாணியைப் பதித்துவிட்டேன். முதல் தட்டில் வெறும் ஆணி. இரண்டாவதில் செம்புக்கம்பி சுற்றிய ஆணி. மூன்றாவதில் துத்தநாகத் தகட்டைச் சுற்றிய ஆணி. தேநீர் வேளைக்குள் வெறும் ஆணியின் தலையிலும் கூரிலும் ஆழ்ந்த நீலம் பூத்தது. நடுத்தண்டைச் சுற்றி ரோஜா நிறம் படர்ந்தது. நீலம் பூத்த இடம் இரும்பு கரைகிற இடம்; ரோஜா நிறம் படர்ந்த இடம், அந்தக் கரைவினால் விடுபட்ட மின்சாரத்தைப் பிராணவாயு வாங்கிக்கொள்கிற இடம். ஒரு சாண்கூட இல்லாத ஆணிக்குள் ஒரு மின்கலமே இயங்குகிறது. செம்பு சுற்றிய ஆணியில் நீலம் இன்னும் கறுத்தது. துத்தநாகம் சுற்றிய ஆணியிலோ நீலத்தின் சுவடே இல்லை. முன்வரிசையிலிருந்த வைப்பின்கரைப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து எதுவும் வந்து இரும்பைத் தின்பதில்லை, இரும்பே தன்னைத் தின்கிறது என்று தமக்குள் சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். எத்தனையோ பக்கங்களில் விளக்கப்படும் தத்துவத்தை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அப்போது அவர்களுக்கு ஒரு பழைய விருத்தாந்தத்தைச் சொன்னேன். மரக்கப்பல்களின் அடிப்பகுதியைப் புழுவும் சிப்பியும் பற்றாதிருக்கச் செம்புத் தகடு போர்த்துவது அக்கால வழக்கம். அந்தச் செம்பு கடல்நீரில் விரைவாக அழிந்து வந்ததனால், பிரிட்டிஷ் கடற்படையார் ஸர் ஹம்ப்ரி டேவி என்ற ரசாயன மேதையை அணுகினர். செம்பைவிட எளிதில் கரையும் துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ அதனோடு தொடுத்துவிட்டால், இது கரைந்து அதைக் காக்கும் என்று 1824-ல் அவர் ராயல் சொஸைட்டியில் அறிவித்தார். இந்த உபாயத்தை முழுக் கப்பலில் முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்த்தது ஸமராங் என்ற 28 பீரங்கிக் கப்பலில். அந்த ஸமராங் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1822-ல் நீரில் இறங்கியது வேறெங்குமன்று, இதே கொச்சியில். 1824 மார்ச்சில் அதன் செம்பின் பரப்பில் எண்பதில் ஒரு பங்கு அளவுக்கு வார்ப்பிரும்புக் கட்டிகளைப் பொருத்தி அனுப்பினர். அது அட்லாண்டிக்கைக் கடந்து நோவா ஸ்கோஷியா வரை போய், அடுத்த ஆண்டு ஜனவரியில் திரும்பிவந்தபோது செம்பு பெரும்பாலும் பழுதின்றி இருந்தது. இன்று உலகெங்கும் கப்பல்களையும் குழாய்களையும் காக்கிற முறையின் மூலபாடம் கொச்சித் தேக்கின்மேல் எழுதப்பட்டது என்று நான் சொன்னவுடன், முன்வரிசையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் இருந்த பெருமிதத்தை நான் மறவேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. செம்பு கரையாமல் நின்றதனால், கரையும் செம்பின் விஷத்துக்கு அஞ்சி விலகியிருந்த சிப்பியும் பாசியும் கப்பல்களின் அடியில் அடர்ந்து பற்றி, அவற்றின் வேகத்தைக் குறைத்துவிட்டன. கடற்படையார் அந்த ஏற்பாட்டையே கைவிட்டனர். டேவியின் ரசாயனத்தில் பிழையில்லை. கப்பலின் அடியைச் சுரண்டுகிறவனுக்குத் தெரிந்திருந்த ஒன்று அவருடைய கணக்கில் சேராமற்போயிற்று. இதே கேரளக் கரையில் கெட்டுவள்ளம் கட்டிய ஆசாரிமார், ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி நீரில் விட்டார்கள். துருப்பிடிக்கும் பொருளே அதில் இல்லாததனால் துருவென்னும் கேள்விக்கே அங்கு இடமில்லை. படித்தவனுடைய கணக்கும் பாடுபடுகிறவனுடைய அநுபவமும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பிறகு கண்டுபிடிக்கும் பாடம். தகட்டின் கனத்தை ஒருபுறமிருந்தே அளக்க ஒலியலைக் கருவி இருக்கிறது. நாங்கள் காஜ் என்போம். எஃகுக்குள் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் வேகத்தில் ஓடி, மறுபுறத்தில் மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு அது கனத்தைச் சொல்லும். இந்தக் கருவி நல்லது. ஆனால் என் இளமையில் ஒருமுறை அதை நம்பி நான் செய்த பிழையை வகுப்பில் மறைக்காமல் சொல்வது என் வழக்கம். ஒரு சரக்குப் படகின் தொட்டியில், அடுக்கடுக்காகப் பூசி ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குத் தடித்திருந்த வர்ணத்தைச் சுரண்டாமலே காஜை வைத்து, 8 மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டேன். வர்ணத்துக்குள் ஒலி எஃகில் ஓடுவதில் பாதி வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து செல்வதால், 2 மில்லிமீட்டர் வர்ணம் காஜின் கணக்கில் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த எஃகாகக் கூடிவிட்டது. மெய்யான தகடு 3 மில்லிமீட்டரும் சில்லறையும்தான்.

அப்போது எனக்கு மேலாளாக இருந்தவர், நாங்கள் அண்ணாச்சி என்று அழைத்த தூத்துக்குடிக்காரர். என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் தொட்டிக்குள் இறங்கினார். சிப்பிங் சுத்தியலால் நல்ல தகட்டை ஒருமுறை தட்டினார். கோயில் மணியின் கார்வை போல் ஓசை எழுந்து நின்றது. நான் அளந்த இடத்தில் தட்டினார். ஈரப்பானையைத் தட்டியது போல் சப்பென்று அடங்கிற்று. மூன்றாவது தட்டலில், குழிவிழுந்திருந்த ஓரிடத்தில் சுத்தியலின் கூர் உள்ளே இறங்கி, ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. "தம்பி, காஜ் சொல்லுறதக் கேட்ட; தகடு சொல்லுறதக் கேட்டியா?" என்றார் அண்ணாச்சி. முகம் எரிய, எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். பழைய கணக்கே இருக்கட்டும், தகடு மாற்றும் செலவு மிச்சம் என்று படகுக்காரர் தரப்பிலிருந்து வற்புறுத்தல் வராமலில்லை. அண்ணாச்சி அசையவில்லை, அவர் நிழலில் நின்றதனால் நானும் அசையவில்லை. கண்டுபிடிப்பது பாதி வேலை. கண்டதைக் கண்டபடி எழுதுவது மறுபாதி.

தொட்டியைப் பற்றிப் பேசும்போது சொல்லாமல் விடக்கூடாத எச்சரிக்கை ஒன்று உண்டு. துரு என்பது இரும்பும் பிராணவாயுவும் கூடிப் பிறந்தது. நெடுநாள் மூடிக்கிடந்த ஒரு தொட்டியின் சுவர்கள் துருவேறும்போது, உள்ளிருக்கும் காற்றின் பிராணவாயுவை அவை குடித்துத் தீர்த்துவிடுகின்றன. நாற்றமில்லை, நிறமில்லை; இறங்குகிறவன் ஏணியின் கடைசிப் படியில் கால் வைக்குமுன் நினைவிழக்கிறான்; அவனைத் தூக்க இறங்குகிறவனும் அவ்வாறே விழுகிறான். நல்ல காற்றில் பிராணவாயு 20.9 சதவிகிதம், 19.5-க்குக் கீழே காட்டினால் இறங்கலாகாது. மூடியைத் திறந்து, விசிறி வைத்துக் காற்றோட்டி, அளந்து பார்த்து, மேலே ஓர் ஆளை நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். முன்வரிசையாரை இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். மாநாட்டில் அன்று நான் கற்பித்த மற்றவையெல்லாம் மறந்துபோனாலும், இந்த ஒன்று மட்டும் அவர்களுடைய நெஞ்சில் நின்றால் போதும் என்று கருதினேன்.

கடைசியாக வாளிப் பாடம். கோட்டைக் கொச்சிக் கடற்கரையிலிருந்து எடுத்துவந்த நீரில் ஓர் இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு, அதனோடு கம்பியால் ஒரு துத்தநாகக் கட்டியைப் பிணைத்தேன். கட்டியின்மேல் மட்டும் முன்கூட்டியே நன்றாக வர்ணம் பூசியிருந்தேன். வெள்ளிக்குளோரைடு மின்முனையை நீரில் விட்டு அளந்தபோது, மீட்டர் மைனஸ் 0.62 வோல்ட் என்றது. பாதுகாப்பற்ற இரும்பின் அளவு அது. பின்னர் கட்டியின் வர்ணத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி இறக்கினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் எண் மெல்ல நகர்ந்து, காப்புக்கு அடையாளமான மைனஸ் 0.80-ஐக் கடந்து சென்றது. படகுச் சொந்தக்காரர் ஒருவர், தம் படகின் சிங்க், அதாவது துத்தநாகக் கட்டி, இரண்டு ஆண்டாகியும் துளியும் கரையவில்லை, அவ்வளவு உயர்ந்த சரக்கு என்று காலையில் என்னிடம் சொல்லியிருந்தார். அவர் இப்போது மீட்டரையே பார்த்தபடி மௌனமாக நின்றார். கரையாத சிங்க் காக்காத சிங்க். அது கரைவதே அதன் தர்மம்.

அந்த மௌனத்தை வைப்பின்கரைப் பெரியவரே உடைத்தார். "சாரே, இருபது வருஷமாயிட்டு ஞான் எல்லா சிங்கிலும் பெயிண்ட் அடிச்சிட்டுண்டு. ஆரும் பறஞ்ஞு தந்நில்ல" என்றார். யாரும் சொல்லித் தரவில்லை. அந்தச் சொற்கள் என்னை உலுக்கிவிட்டன. படகின் ஓரங்குலத்தையும் வெறுமையாக விடலாகாது என்ற சிரத்தையினால் அல்லவோ அவர் சிங்குக்கும் வர்ணம் பூசிவந்தார்! பிழை அவருடைய கையில் இல்லை; அறிந்தும் அவரிடம் சொல்லாமலிருந்த எங்களிடம் இருந்தது. எத்தனை மாநாடுகளில் எத்தனை பிரபந்தங்கள் வாசித்தோம்! அவற்றுள் ஒரு வரியாவது அந்தப் பலகை ஊஞ்சலை எட்டியிருந்தால், இருபது ஆண்டுகளில் எத்தனை தகடுகள் பிழைத்திருக்கும்!

அன்று மாலை அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்தாம் வகுப்பின் உண்மையான பயன். கேரளத்தில் விசைப்படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் இழுவலைத் தடை. படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படுவது அப்போதுதான். அதுவோ தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற காலம். தகட்டின் சூடு காற்றின் பனிப்படிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருந்தாலன்றி வர்ணம் பூசலாகாது என்று விதி எழுதி வைத்திருக்கிறோம். கொச்சியின் ஆடி மாதத்தில் அந்த விதிக்கு இணங்கும் மணிநேரம் எத்தனை? கருவி இல்லாதவர் என்ன செய்வது? நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவியபின், ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்த ஈரம் கால்மணி நேரத்துக்குள் உலர்ந்தால் பூசலாம், உலராவிட்டால் பிரஷை வைத்துவிட்டுக் காத்திருங்கள் என்றேன். காத்திருந்தால் கூலி யார் கொடுப்பார் என்று ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. சொந்தக்காரர் நால்வரையும் நோக்கி, ஒரு நாள் கூலிக்கும் ஒரு தகட்டின் விலைக்கும் உள்ள தாரதம்மியத்தை அந்த இளைஞரின் முன்னிலையிலேயே கணக்கிட்டுக் காட்டினேன். அவர்களில் இருவர், மழை நாளுக்கும் கூலி தருவதாக அங்கேயே ஒப்புக்கொண்டனர்.

ஜூலை மாதத்தில் ஒருநாள் தோப்பும்படிக்குப் போயிருந்தேன். மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த வேளை. கரையேறி நின்ற எஃகுப் படகொன்றின் கீழே, வைப்பின்கரைப் பெரியவர் குந்தியிருந்தார். படகின் அடியில் வரிசையாகப் பொருத்தியிருந்த துத்தநாகக் கட்டிகள் ஒவ்வொன்றையும் பழைய மலையாள மனோரமாத் தாளால் பொதிந்து, ஓரங்களை டேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருபது வயதுக்கு மேற்படாத ஒரு பையன், பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் இந்த வேலை என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் என்னைக் கவனிக்கவில்லை. தம் சட்டைப்பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தார். அதில் துத்தநாகத் துண்டொன்று சுற்றியிருந்தது. அதைப் பையனுடைய உள்ளங்கையில் வைத்து, இரும்பு எங்கே கரையும், எங்கே கரையாது என்று விரலால் தொட்டுக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். நான் அருகே போகாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.